தீப்பெட்டி மேல் ஒரு முகப்புப் பக்கம்

கோவில்பட்டியில் ஏதாவது ஒரு பெட்டிக்கடையில் தீப்பெட்டி வாங்கி, அதன் மேல்பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். ஏறத்தாழ 5 செ.மீ. நீளம், 3.5 செ.மீ. அகலம். இரண்டு பக்கவாட்டிலும் உரசுகிற மருந்து பூசியிருப்பதால் அங்கே லேபிளுக்கு இடமில்லை. மிஞ்சிய துண்டு இடத்தில் நடுவே ஒரு படம், கப்பலோ சிங்கமோ தாமரையோ. அதையொட்டிப் பெரிய எழுத்தில் பெயர். தயாரித்த ஊரின் பெயர் ஓரத்தில், பொடி எழுத்தில். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் படத்தைச் சொல்லியே தனக்கு வேண்டிய பெட்டியைக் கேட்டு வாங்கிவிடலாம். இணையப் பக்கம் வடிவமைக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்த லேபிளைத்தான். எது முதலில் கண்ணில் பட வேண்டும், எது பிறகு என்ற கேள்விக்கு இதைச் செய்தவர்கள் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். மழையை நம்ப முடியாத கரிசல் பூமியில் அந்தத் தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. லேபிள் அடிக்க வேண்டியிருந்ததால் அச்சுத் தொழிலும் கூடவே வளர்ந்தது. ஏறத்தாழ அதே சமயம், 1923-இல், ஜெர்மனியில் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர், வெறும் புள்ளிகளையும் கோடுகளையும் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றைக் கண் ஒரே கூட்டமாகச் சேர்த்துக்கொள்ளும். ஒன்றுபோல் தோன்றுபவற்றையும் அப்படியே சேர்க்கும் என்று அதில் காட்டினார். இன்றைய பக்க அமைப்பு பெருமளவு இந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது.

2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயை இணையத்தில் விற்பதாக வைத்துக்கொள்வோம். அரைக் கிலோ பாக்கெட்டின் படம், அதன் கீழே விலை, அதற்கும் கீழே அடுத்த பாக்கெட்டின் படம். விலைக்கு மேலும் கீழும் ஒரே அளவு இடைவெளி விட்டால், அது எந்தப் பாக்கெட்டின் விலை என்று வாங்குபவர் குழம்புவார். மேலே 8 பிக்சல், கீழே 32 பிக்சல் என்று விட்டுப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். கோடும் வேண்டாம், கட்டமும் வேண்டாம். காலி இடம் வீண் என்று நினைத்து அதில் இன்னொரு விளம்பரத்தைச் செருகும் கடைக்காரர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. ‘வாங்க’ என்ற பொத்தானும் விரலால் தவறாமல் தொடும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டுக்கான கூகுளின் பரிந்துரை சுமார் 9 மி.மீ.

அடுத்தது நிறம். கரிசல் காட்டு உச்சி வெயிலில் கைபேசித் திரையைப் பார்ப்பவருக்கு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு உயிர்நாடி. இணையத் தரங்களை வகுக்கும் உலக அமைப்பு, சாதாரண எழுத்துக்கு இந்த இரண்டின் ஒளி விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும், பெரிய எழுத்துக்கு 3 போதும் என்கிறது. வெள்ளையில் கறுப்பு 21. வெள்ளையில் மஞ்சள் 1.07தான், எழுதியும் எழுதாததுபோல. நாகரிகம் என்று பலர் போடும் சாம்பல் எழுத்து (குறியீடு 999999) வெள்ளையில் 2.85-ஐத் தாண்டாது. தீப்பெட்டிக்குப் பழகிப்போன சிவப்பு, மஞ்சள் ஜோடியைக் கணக்கிட்டால் முழு நிறங்களுக்கு 3.7 வருகிறது. பெரிய பெயருக்கு அது தாராளம். பொடி எழுத்துக்குப் பற்றாது, அதற்குக் கறுப்பே சரி.

தமிழுக்கென்று சில சங்கதிகள் உண்டு. நம் எழுத்தில் ஆங்கிலத்தைப் போலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. ஆகவே தலைப்பு என்று தெரிவிக்க அளவு, தடிமன், நிறம் இவற்றையே நம்ப வேண்டும். ‘கி’, ‘கீ’ என்று மேல்விலங்கு மேலே ஏறும். ‘கு’, ‘மூ’ கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் இவை ஒன்றோடொன்று முட்டும். எழுத்தின் உயரத்தைப்போல் 1.6 மடங்காவது வரிக்கு வரி வேண்டும் என்பது என் கணக்கு. சொற்களும் நீளம். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துக்கு அளவெடுத்த பொத்தானுக்குள் ‘பதிவுசெய்யுங்கள்’ அடங்காது. ஆங்கிலப் பக்கத்தை வடிவமைத்து முடித்துவிட்டுத் தமிழைக் கடைசியில் திணிக்கும் வழக்கத்தை விட்டாக வேண்டும்.

லேபிளுக்கு இல்லாத ஒரு சிக்கல் திரைக்கு உண்டு. தீப்பெட்டி எந்தக் கடையிலும் அதே அளவு. திரையோ ஆளுக்கு ஆள் மாறும். திரையின் அகலத்துக்கேற்பப் பக்கமே மாறிக்கொள்ளும் முறைக்கு ஈதன் மார்கோட் என்ற இணைய வடிவமைப்பாளர் 2010-இல் பெயரிட்டு வழிகாட்டினார். கணினியில் மூன்று பத்தியாக விரிவது கைபேசியில் ஒரே பத்தியாக அடுக்கப்படும். அப்போது எது மேலே, எது கீழே என்று முடிவு செய்தே ஆக வேண்டும். மிட்டாய், எடை, விலை, ‘வாங்க’ பொத்தான், எத்தனை நாளில் வந்து சேரும் என்ற தகவல், இவ்வளவும் முதல் திரையில். கடையின் வரலாறும் வாங்கிய விருதுகளும் அதற்குக் கீழே.