ஈரலில் சிறு கட்டி: ஆரம்பத்தில் கண்டால் வழியுண்டு

ஈரலில் புற்றுநோய் என்றால் "இனிக் கொண்டு திரியாமல் வீட்டிலேயே வைத்துப் பாருங்கோ" என்று அயலவர்கள் சொல்லிவிடுவார்கள். எனது அக்காவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அவருக்கு வயது 58. யுத்தத்தில் அத்தானை இழந்தபின் தையல் மெசினை நம்பி மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். சாராய வாசமே பிடிக்காத மனுசிக்கு எப்படி ஈரல் பழுதானது என்று ஊரில் குசுகுசுத்தார்கள்.

அக்காவுக்கு நெடுநாட் சலரோகம். சலரோகமும் உடற்பருமனும் உள்ளவர்களின் ஈரலில் கொழுப்புப் படிந்து, ஆண்டுக்கணக்கில் தழும்பாகி, ஈரல் இறுகிவிடலாம். இதைச் சிரோசிஸ் என்பார்கள். மதுவும், ஹெபரைற்றிஸ் பி, சி கிருமிகளும் இதே இடத்துக்குத்தான் கொண்டுவந்து விடும். சிரோசிஸ் உள்ளவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை ஸ்கான் பண்ண வேண்டும். ஏனெனில் சிறிய கட்டி வலி காட்டாது, செங்கண்மாரியும் காட்டாது. அக்காவின் 2.5 சென்ரிமீற்றர் கட்டி அப்படியொரு வழமையான ஸ்கானில்தான் அகப்பட்டது.

அடுத்து, மருந்து ஏற்றி எடுக்கும் சி.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கான். சிரோசிஸ் உள்ளவருக்கு இந்தப் படத்தில் கட்டியின் இரத்த ஓட்டம் தெளிவாகத் தெரிந்தால், பெரும்பாலும் ஊசியால் தசை எடுக்காமலே நோயை உறுதி செய்யலாம். எங்கள் பெண்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடம்பில் செல் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ.க்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் காந்தம் இரும்பை அசைக்கவும் சூடாக்கவும் கூடும். அக்காவின் தொடையில் 2009 முதல் ஒரு துண்டு கிடக்கிறது. தந்த படிவமோ எங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. நான் வாய்விட்டுச் சொன்னபிறகு சி.ரி. போதும் என்றார்கள்.

கட்டியின் அளவையும் மிச்ச ஈரலின் பலத்தையும் பார்த்தே சிகிச்சை முடிவாகும். ஈரல் பலமாக இருந்தால் கட்டியுள்ள பகுதியை வெட்டி எடுக்கலாம். மிச்ச ஈரல் மீண்டும் வளரும். இறுகிய ஈரல் அதைத் தாங்காமற் போகலாம். அப்போது ஸ்கானில் பார்த்தபடியே தோலினூடாக ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, வெப்பத்தால் பொசுக்குவார்கள். 3 சென்ரிமீற்றர் வரையான கட்டிகளுக்கு இது நன்கு பலனளிக்கும். மூன்றாவது, ஈரல் மாற்றுச் சிகிச்சை. கட்டியோடு சிரோசிசும் போய்விடும். 5 சென்ரிமீற்றருக்கு மேற்படாத ஒரு கட்டி, அல்லது ஒவ்வொன்றும் 3 சென்ரிமீற்றருக்கு மேற்படாத மூன்று கட்டிகள் வரை என்ற அளவுகோல் 1996இல் இத்தாலியின் மிலானில் வகுக்கப்பட்டது. ராகமையில் இச்சிகிச்சை நடக்கிறது. உறவினர் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம்.

இதைக் கேட்டதும் அக்காவின் மூத்த மகள் தான் தருவதாக நின்றாள். "நான் உயிரோட இருக்கேக்க உன்ர வயித்தில கத்தி வைக்க விடமாட்டன்" என்று அக்கா ஒரு கிழமை அவளுடன் பேசவில்லை. கடைசியில் வைத்தியர்தான் இருவரையும் இருத்தி, இப்போதைக்கு ஊசிச் சிகிச்சையே பொருத்தம், மாற்றுவதைப் பற்றித் தேவை வந்தால் யோசிப்போம் என்றார். மகள் இன்னும் அந்தக் கதையை விடவில்லை.

கீழ்காய்நெல்லி குடித்தால் கட்டி கரையும் என்றும் சிலர் சொன்னார்கள். கரையாது. நாட்டு மருந்து எடுப்பவர்கள் அதை வைத்தியரிடம் மறைக்கவும் வேண்டாம். சில மூலிகைகள் ஈரலையே தாக்கும்.

ஊசிச் சிகிச்சை முடிந்து அக்கா மூன்றாம் நாள் வீடு திரும்பினார். ஆனால் இறுகிய ஈரலில் வேறோர் இடத்தில் புதுக் கட்டி வருவது அபூர்வமல்ல. அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கானுக்குப் போக வேண்டும். போகும்போது பழைய படங்களையும் கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள். பழையதோடு ஒப்பிட்டுத்தான் புதியதை வாசிப்பார்கள். அக்கா எல்லாவற்றையும் தையல் மெசின் லாச்சிக்குள் வைத்திருக்கிறார். வரும் மாதம் மறுபடி போகிறோம்.