கியோட்டோ: ஒரு நாளுக்கு ஒரு திசை

கியோட்டோவை ஒரு முறம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கிலும் வடக்கிலும் மேற்கிலும் மலை. தெற்குப் பக்கம் மட்டும் திறந்திருக்கும். 794இல் ஜப்பானின் தலைநகரை இங்கே அமைத்தவர்கள், சீனத்துச் சாங்கான் நகரைப் பார்த்துத் தெருக்களைக் கட்டம் கட்டமாகப் போட்டார்கள். அதனால் நடுவில் வழி தவறுவது கடினம். ஆனால் பேர்பெற்ற கோயில்களில் பல முறத்தின் விளிம்பில், மலையடிவாரத்தில் இருக்கின்றன. காலையில் கிழக்கு விளிம்பு, மதியம் மேற்கு விளிம்பு என்று மாறி மாறி ஓடினால், பாதிப் பொழுது நெரிசலான பேருந்தில் நின்றே கழியும்.

ஒரு நாளுக்கு ஒரு திசை என்று பிரித்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை. மூன்று முழு நாட்கள் போதும்.

கிழக்கு

கியோமிசு கோயில் காலை 6 மணிக்கே திறக்கிறது. மலைச்சரிவில் 13 மீட்டர் உயரத்தில் ஆணி அடிக்காமல் மரத்தூண்களைக் கோத்து நிறுத்திய மேடை இங்கேதான் இருக்கிறது. கோயில் தோன்றியது 778இல்; இப்போது நிற்கும் கட்டடம் 1633இல் எழுந்தது. கூட்டம் சேரும் முன் பார்த்துவிட்டு, சன்னென்சக்கா, நினென்சக்கா என்ற கல்படித் தெருக்கள் வழியாக இறங்கினால் யசக்கா கோயிலும் கியோன் பகுதியும் வரும்.

புத்தர் தங்கிய ஜேதவன விகாரையை ஜப்பானியர் ‘கியோன் ஷோஜா’ என்பார்கள். இந்தப் பகுதியின் பெயர் அதிலிருந்து வந்தது. பாரம்பரிய ஆடல்பாடல் கலைஞர்களான கெய்கோக்களும், அந்தக் கலையைப் பயிலும் மைக்கோக்களும் இங்கே நடந்து போவதைக் காணலாம். அவர்களை மறித்துப் படம் எடுக்கக் கூடாது. சில தனியார் சந்துகளில் பயணிகள் நுழையவே தடை உண்டு. அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.

மதியச் சாப்பாட்டை நன்சென்-ஜி கோயில் பக்கம் வைத்துக்கொள்ளலாம். கடற்பாசி நீரில் மெல்லக் கொதிக்கும் டோஃபுவை எடுத்து, தொடுசாற்றில் தோய்த்துச் சாப்பிடும் ‘யுதோஃபு’வுக்குப் பேர்போன இடம் அது. பிறகு வாய்க்கால் ஓரமாகச் செல்லும் ‘தத்துவஞானி பாதை’யில் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நடந்தால் கின்ககு-ஜி (Ginkaku-ji), அதாவது வெள்ளி மண்டபம். பெயரில் இருக்கும் வெள்ளி கட்டடத்தில் இல்லை.

தெற்கு

ஃபுஷிமி இனாரி கோயிலுக்குக் கட்டணமும் இல்லை, அடைக்கும் நேரமும் இல்லை. கியோட்டோ நிலையத்திலிருந்து ஜேஆர் ரயிலின் நாரா தடத்தில் இரண்டாவது நிறுத்தம். ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரண வாயில்கள் 233 மீட்டர் உயரமுள்ள மலைமேல் வரிசையாக ஏறுகின்றன. விடியலில் போங்கள், பாதி மலை ஏறினாலே கூட்டம் கரைந்துவிடும்.

அதே தடத்தில் இன்னும் தெற்கே போனால் உஜி. நிழலில் வளர்த்த தேயிலையை மாவாக அரைத்த மாச்சாவுக்குப் பேர்பெற்ற ஊர். 1053இல் கட்டிய பியோதோ-இன் மண்டபம் இங்கே குளத்தின் நடுவே நிற்கிறது. உங்கள் பையில் 10 யென் நாணயம் இருந்தால் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் இருப்பது இதே மண்டபம்.

மேற்கு

ஜேஆர் ரயிலில் சாகா-அராஷியாமா நிலையத்தில் இறங்கி, முதலில் மூங்கில் தோப்புக்குப் போங்கள். அடுத்து தென்ரியு-ஜி கோயில். அதன் வளாகத்தில் உள்ள ஷிகெட்சு உணவகத்தில் புத்த பிக்குகளின் சைவ உணவான ‘ஷோஜின் ரியோரி’ மதியத்தில் கிடைக்கும்.

பிறகு ராந்தென் என்ற சிறிய டிராம் வண்டியில் ஏறி, நடுவே ஒருமுறை மாறினால் ரியோவான்-ஜி. அங்குள்ள கல்தோட்டத்தில் 15 கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்து எண்ணினாலும் ஒன்று மறைந்துகொள்ளும். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பொன் மண்டபமான கின்ககு-ஜி (Kinkaku-ji). அதை 1950இல் இளம் துறவி ஒருவர் தீவைத்து எரித்துவிட்டார். இப்போது பார்ப்பது 1955இல் மீண்டும் எழுப்பியது. பல கோயில்கள் மாலை 5 மணியோடு மூடிவிடும் என்பதால் 4 மணிக்குள் இங்கே வந்துவிடுங்கள்.

நடுப்பகுதி

போய்ச் சேரும் நாளுக்கும் மழை நாளுக்கும் நகரின் நடுப்பகுதியை ஒதுக்குங்கள். 1603ஆம் ஆண்டின் நிஜோ கோட்டையில் கால் வைத்தால் கீச்சிடும் மரத்தரை உண்டு. கூரை போட்ட நிஷிக்கி சந்தையில் ஊறுகாய், டோஃபு, மீன் என்று சிறுசிறு கடைகள் நிறைந்திருக்கும். வாங்கியதைக் கடை வாசலிலேயே நின்று சாப்பிட வேண்டும். தின்றுகொண்டே நடப்பதை அங்கே விரும்புவதில்லை.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நமக்கு ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் போல, ஜப்பானியச் சமையலுக்கு ‘தாஷி’ என்ற சாறு. கடற்பாசியோடு பெரும்பாலும் ‘கட்சுவோபுஷி’யும் அதில் சேரும். சூரை மீனைப் புகைபோட்டுக் காயவைத்துச் சீவியது அது. நம் மாசிக் கருவாட்டுக்கு உறவுக்காரன். ஆகவே தட்டில் காய்கறி மட்டும் இருந்தாலும் குழம்பில் மீன் இருக்கலாம். யுதோஃபுவின் தொடுசாறும் அப்படித்தான். ‘இறைச்சி, மீன், மீன் தாஷி சாப்பிடமாட்டேன்’ என்று விடுதியில் ஜப்பானிய மொழியில் எழுதி வாங்கி, கடையில் காட்டுங்கள். ஷோஜின் ரியோரியில் இந்தக் கவலை இல்லை.

பல சிறு தட்டுகளாகப் பருவத்துக்கேற்ப வரும் ‘கைசெகி’ விருந்து இரவில் விலை அதிகம். மதியத்திலும் திறக்கும் கடைகளில் அதன் சுருக்க வடிவம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை.

கிளம்பும் முன்

செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, பருவத்தைத் தேர்ந்தெடுப்பது: சக்குரா எனும் செர்ரிப் பூக்கள் மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும், சிவந்த மேப்பிள் இலைகள் நவம்பர் பிற்பாதியிலும், அப்போது விடுதி விலையும் ஏறும். இரண்டு, கைசெகிக்கும் ஷோஜின் ரியோரிக்கும் முன்பதிவு. போக முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; உங்களுக்கென்றே உணவகத்தார் சந்தையில் பொருள் வாங்கியிருப்பார்கள். மூன்று, கழற்றி மாட்ட எளிதான செருப்போ ஷூவோ. கோயில் மண்டபங்களில் வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். கிழிந்த சாக்ஸ் அங்கேதான் மானத்தை வாங்கும்.