வலிக்காத புண்ணே ஆபத்து

ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களில் குலை அறுப்பவர் அண்ணாந்து பார்த்துத்தான் வேலை செய்தாக வேண்டும். நீண்ட கம்பின் நுனியில் பூட்டிய அரிவாளை மட்டையின் அடியில் மாட்டி இழுக்கும்போது, காய்ந்த பூவும் நாரும் தூசியும் முகத்தில் கொட்டும். குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களில் தோட்டத்தில் பாடுபட்டவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. கண்ணைக் கசக்கிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள். அப்போது கருவிழியில் விழும் கீறல் தானாக ஆறுமா, கிருமி புகுந்து புண்ணாகுமா? இதில் அங்குள்ள நரம்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் தெளிந்த படலம்தான் கருவிழி. அதன் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான். அதில் ரத்தக் குழாய் கிடையாது. ஆனால் நரம்பு முனைகளோ, தோலில் இருப்பதைவிட 300 முதல் 600 மடங்கு நெருக்கமாக இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால்தான் ஒரு தூசி விழுந்தாலே துடித்துப்போகிறோம்.

வலியை அறிவிப்பதோடு இந்த நரம்புகளின் வேலை முடிந்துவிடுவதில்லை. இமைக்க வைப்பதும் கண்ணீர் சுரக்க வைப்பதும் அவைதான். மேல்தோல் செல்கள் வளர்ந்து கீறலை மூடுவதற்கு வேண்டிய சத்துப் பொருள்களையும் அவையே சுரக்கின்றன. முகத்துக்கு உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பை விலங்குகளில் அறுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வாளர் பிரான்சுவா மஜாந்தி, கருவிழி மங்கிப் புண்ணாவதை 1824இலேயே பதிவு செய்தார்.

கிருமி நுழைந்தால் இதே நரம்புகள் நோய் எதிர்ப்புப் படையையும் வழிநடத்துகின்றன. அவை சுரக்கும் ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற பொருள் வெள்ளணுக்களை அங்கே வரவழைத்து அழற்சியைத் தூண்டுகிறது. ‘விஐபி’ எனப்படும் இன்னொரு பொருள் அழற்சியைத் தணிக்கிறது. இரண்டும் அளவோடு இருக்க வேண்டும். எதிர்ப்பு குறைந்தால் கிருமி கருவிழியைத் தின்னும். மிஞ்சினால் நம் வெள்ளணுக்களே அதை அரித்துவிடும். சூடோமோனாஸ் கிருமி தொற்றிய எலிகளுக்கு விஐபி கொடுத்தபோது கருவிழியில் ஓட்டை விழாமல் தடுக்க முடிந்தது என்று அமெரிக்காவின் வேன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டார்கள்.

தொற்று கடுமையாகும்போது அந்த நரம்புகளே அழிகின்றன. அக்கி வகை வைரஸ் முக்கிளை நரம்பிலேயே ஒளிந்திருந்து, திரும்பத் திரும்பக் கிளம்பிக் கருவிழியை மரத்துப்போகச் செய்யும். ஒரு கண்ணில் மட்டும் நோய் வந்தவர்களின் மறு கண்ணிலும் நரம்புகள் குறைந்திருப்பதை நுண்ணோக்கிப் படங்கள் காட்டியிருக்கின்றன.

நமக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். கால் மரத்துப்போவதை அறிந்து பாதத்தைக் கவனிக்கிறோம். நீரிழிவு கருவிழி நரம்புகளையும் அதேபோல் மெலியச் செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. கண் சிவந்திருக்கும், பார்வை மங்கும், ஆனால் வலி இருக்காது. “வலிக்கவில்லையே” என்று நாள் கடத்துவார்கள். அதற்குள் புண் ஆழமாகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. மருத்துவர் மரப்பு மருந்து விடுவதற்கு முன், பஞ்சை நூலாகத் திரித்துப் பக்கவாட்டிலிருந்து கருவிழியைத் தொடுவார். நலமான கண் சட்டென்று இமைக்கும். மரத்த கண் பேசாமல் இருக்கும். மரத்த கருவிழிக்கு மருந்தும் உண்டு. நரம்பு வளர்ச்சிப் புரதத்தைக் கண்டறிந்த ரீத்தா லெவி மோந்தால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புரதத்தால் ஆன கண் சொட்டு மருந்தை ஐரோப்பா 2017இலும் அமெரிக்கா 2018இலும் அனுமதித்தன. விலை மிக அதிகம் என்பதால் தோட்டத் தொழிலாளிக்கு அது எட்டாது.

ஆனால் கீறல் புண்ணாகாமல் தடுக்க எட்டக்கூடிய மருந்து உண்டு. அதன் தேவையும் பெரிது. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996இல் ஓர் ஆய்வு சொன்னது. நேபாளத்தின் பக்தபூரில், கண்ணில் கீறல் பட்டவர்களுக்குக் கிராமச் சுகாதார ஊழியர்களே சாதாரண ஆன்டிபயாடிக் களிம்பைப் போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் களிம்பு போடப்பட்ட ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை என்று 2001இல் முடிவு வெளியானது.

ஆகவே, கண்ணில் அடிபட்டால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். தாய்ப்பாலோ மூலிகைச் சாறோ விட வேண்டாம். முன்பு எப்போதோ வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு, எதிர்ப்பு சக்தியை அடக்கிக் கிருமிக்கு வழிவிடும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். ஜொகூர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் 2005-06இல் பியூசேரியம் பூஞ்சைத் தொற்றுக்கு ஆளான 66 பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் லென்ஸ் போட்டவர்கள்.

தோட்ட நிர்வாகங்கள் குலை அறுப்பவர்களுக்குக் கண்ணாடிக் கவசம் கொடுத்து, அதை அணிய வைக்க வேண்டும். நீரிழிவுக்காரர்களின் விழித்திரையைப் பரிசோதிக்கும்போது கருவிழி உணர்ச்சியையும் பார்த்துவிடலாம். ஒரு பஞ்சு நூல் போதும். வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவரின் கண் சிவந்தால், வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே அழைத்துப் போங்கள்.