ஒரே துப்பாக்கி, எல்லாப் பருவத்துக்கும்

செப்டம்பர் பிறந்தால் டெக்சாஸில் புறா வேட்டை. அக்டோபரில் தெற்கு டகோட்டாவின் சோள வயல்களில் ஃபெசன்ட் பறவை. குளிர் இறங்கியதும் மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் காட்டு வாத்து, கூடவே மத்திய மேற்கு மாநிலங்களில் மான். வசந்தத்தில் காட்டு வான்கோழி. அமெரிக்கக் கிராமப்புறத்தின் வேட்டை ஆண்டு இப்படித்தான் சுழல்கிறது. வசதி உள்ளவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித் துப்பாக்கி வைத்திருப்பார்கள். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர்கள் பெரும்பாலும் வாங்குவது ஒன்றைத்தான்: பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்.

குழலுக்குக் கீழே உள்ள முன்பிடியைப் பின்னால் இழுத்தால் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். வேலை முழுவதையும் சுடுபவரின் கையே செய்வதால், வலு குறைந்த தோட்டாவோ வலு மிகுந்த தோட்டாவோ எதுவானாலும் இது இயங்கும். உள்ளே நுட்பமான உறுப்புகள் குறைவு. விலையும் அதனால் குறைவு.

மலிவு வந்த வழி

ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897 இந்த வகையைப் பரவலாக்கியது. 1912-இல் வந்த வின்செஸ்டர் மாடல் 12 அதை மெருகேற்றியது. எஃகுக் கட்டிகளைக் கடைந்து, கைத்திறனால் பொருத்திய அழகான துப்பாக்கி அது. ஆனால் கூலி உயர உயர அதைச் செய்து கட்டுப்படியாகவில்லை. 1964-இல் வழக்கமான உற்பத்தி நின்றது.

ரெமிங்டன் நிறுவனம் 1950-இல் வேறு வழியில் போனது. அதன் 870 மாடலில் பல உறுப்புகள் தகட்டை அச்சில் அழுத்திச் செய்யப்பட்டவை. சில உறுப்புகள் அதே நிறுவனத்தின் இன்னொரு துப்பாக்கிக்கும் பொதுவானவை. செலவு குறைந்தது, உறுதி குறையவில்லை. 1960களின் தொடக்கத்தில் மோஸ்பெர்க் 500 போட்டிக்கு வந்தது. அதன் உடல் அலுமினியக் கலவை என்பதால் எடையும் விலையும் இன்னும் இறங்கின. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் பூட்டு, குழலோடு இணைந்த எஃகுப் பகுதியில் விழுவதால் அலுமினிய உடலால் ஆபத்தில்லை. உற்பத்தி எண்ணிக்கையில் 870 ஒரு கோடியை 2009-இலும், மோஸ்பெர்க் 500 ஒரு கோடியை 2013-இலும் எட்டின.

ஒன்று எப்படிப் பலவாகிறது?

இந்த இரண்டிலும் பட்டறைக்குப் போகாமல் வீட்டிலேயே குழலைக் கழற்றி மாற்றலாம். 28 அங்குலக் குழல் பறவைக்கு. உள்ளே வரி வெட்டிய குழலில் ஒற்றைக் குண்டு போட்டால் மானுக்கு. இல்லினாய், அயோவா, ஒஹாயோ போன்ற மாநிலங்கள் நெடுங்காலம் மான் வேட்டைக்கு ரைஃபிளை அனுமதிக்காமல் ஷாட்கன்னை அனுமதித்தன. சமவெளியில், வீடுகள் இருக்கும் இடத்தில், ரைஃபிள் தோட்டா வெகுதூரம் பாயும் என்பதே காரணம்.

குழல் முனையில் திருகிப் பொருத்தும் ‘சோக்’ இன்னொரு வசதி. அகலமான சோக் போட்டால் தோட்டாவில் உள்ள சிறு குண்டுகள் சீக்கிரம் விரிந்து, அருகில் பறக்கும் பறவைக்கு உதவும். இறுக்கமான சோக் போட்டால் தூரம் போயும் கூட்டமாகவே இருக்கும். சோக் மாற்ற முடியாத பழைய குழலை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டை அமெரிக்கா 1991 முதல் நாடு முழுவதும் தடை செய்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்த எஃகுக் குண்டு, இறுக்கமான பழைய குழல்களைச் சேதப்படுத்தக்கூடும்.

12-ஆ, 20-ஆ?

ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டமே 12 போர் குழலின் விட்டம், சுமார் 18.5 மி.மீ. 20 போர் அதைவிடச் சிறியது, சுமார் 15.6 மி.மீ. எல்லா வேலைக்கும் ஒன்று என்றால் 12 போர்தான். தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும், வகைகளும் அதிகம். ஆனால் பம்ப் துப்பாக்கியில் உதைப்பு முழுவதும் தோளுக்கே வரும். சிறிய உடல்வாகு உள்ளவர்களும் புதிதாகப் பழகும் இளையவர்களும் 20 போரில் தொடங்குவதே நல்லது. உதைப்புக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது.

இரண்டு அளவும் ஒரே வீட்டில் இருந்தால் தோட்டாக்களைக் கலக்கவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிச் சென்று அறைக்கு முன்னால் அடைத்துக்கொள்ளும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவது இதைத் தடுக்கத்தான்.

எதை வாங்கலாம்?

கையை வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. மோஸ்பெர்க் 500-இன் பாதுகாப்புப் பொத்தான் மேலே, கட்டைவிரலுக்கு நேராக இருக்கிறது. இடது கைக்காரருக்கும் அது வசதி. 870-இல் அது விசைக்குப் பின்னால், குறுக்கே இருக்கிறது. பட்ஜெட் மிகக் குறைவானால் மோஸ்பெர்க்கின் தம்பியான மாவெரிக் 88 போதும். அமெரிக்கக் கடைகளில் 250 டாலரை ஒட்டிய விலையில் கிடைத்துவந்த துப்பாக்கி இது. தோட்டாக் குழாயின் நீளம் ஒத்திருந்தால் 500-க்கான குழல்கள் பெரும்பாலும் இதற்கும் பொருந்தும். ரெமிங்டன் 2018-இலும் 2020-இலும் திவால் நடவடிக்கைக்குப் போனது. நியூயார்க் மாநிலத்தின் இலியன் நகரில் இருந்த அதன் பழைய ஆலை 2024-இல் மூடப்பட்டது. ஆனாலும் 870-இன் விங்மாஸ்டர் வகையில் பழையது ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் நம்பி வாங்கலாம்.

எதை வாங்கினாலும் போலித் தோட்டாவை வைத்து முன்பிடியை முழுவதும் இழுத்துத் தள்ளப் பழக வேண்டும். பாதி இழுத்தால் கூடு விழாது, அடுத்த தோட்டா ஏறாது. இந்த வகைத் துப்பாக்கியில் வரும் தகராறுகளில் பெரும்பகுதி இந்தக் கைத்தவறுதான்.

சட்டம் சொல்வது

இடம்பெயர் பறவைகளைச் சுடும்போது துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. அதனால்தான் தோட்டாக் குழாய்க்குள் அடைப்புக் கட்டை போடுகிறார்கள். 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் வரும். 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீள்துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 11 சதவீத வரி வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது.

அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் அவசியம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. நண்பர் கொடுத்தார் என்று வாங்கி வைத்தால் குற்ற வழக்கும் நாடு கடத்தலும் வரக்கூடும். நிரந்தரக் குடியிருப்பு அட்டை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் வேறுபடும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது கட்டாயம்.

விலையுயர்ந்த துப்பாக்கி யாரையும் நல்ல வேட்டைக்காரர் ஆக்குவதில்லை. சாதாரண பம்ப் துப்பாக்கி ஒன்றை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் முதலில் ஓர் இரும்புப் பெட்டியும் பூட்டும், அடுத்து வேட்டைக் கல்வி வகுப்பு, பிறகு களிமண் தட்டைச் சுட்டுப் பழகத் தேவையான தோட்டாக்கள் என்ற வரிசையில் செலவிடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் துப்பாக்கியைக் காலியாக்கிப் பூட்டுங்கள், தோட்டாவை வேறிடத்தில் பூட்டுங்கள். அதற்கு மனமோ வசதியோ இல்லையென்றால் துப்பாக்கி வாங்கவே வேண்டாம்.