குற்றாலத்தில் ஒரு வாரம்

உதகமண்டலத்தை ஆங்கிலேயர் தங்கள் சௌகரியத்துக்காக உல்லாச நகரமாக்கினார்கள். குற்றாலத்துக்கோ நம்மவர்கள் குடும்ப சகிதமாகப் போய் வந்தார்கள், இன்றும் போகிறார்கள்.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, மிச்சத்தை இப்பக்கம் சாரலாகத் தூவுகிறது. அந்த நாட்களில் அங்கே வீடுகள் வாடகைக்குக் கிடைக்கும். விடுதி அறையைவிட வீடே உத்தமம் என்பது நம் கட்சி. பாட்டி முதல் பேரன் வரை ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். அருவியில் நின்றுவிட்டு வந்தால் எடுக்கும் பசி இருக்கிறதே, அது சாமான்யமானதல்ல! அடுப்பில் மிளகு ரசம் கொதித்துக் கொண்டிருக்க வேண்டும். பேசுவதற்கும் பொழுது கிடைக்கும். ரசிகமணி டி. கே. சி.யின் குற்றாலத்து வீட்டில் ராஜாஜியும் கல்கியும் விருந்தினராயிருந்து கம்பன் கவியில் திளைத்தார்கள் அல்லவா?

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. மலைமேல் பெய்யும் மழை, கீழே சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளமாக வந்து இறங்கும். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் 17 வயதுப் பிள்ளை ஒருவனைக் கொண்டு போய்விட்டது. ஒரே நாளில் திரும்ப வேண்டியவர்களுக்குப் போலீஸாரின் தடை பெரும் ஏமாற்றம். வீடு எடுத்து ஒரு வாரம் தங்குகிறவர்களுக்கு நாளைக்கும் அருவி இருக்கிறது. தடை போட்ட அன்று சித்திர சபைக்குப் போய், சுவரோவியங்களைக் குழந்தைகளுக்குக் காட்டலாம்.