ஊமை எண்களைப் படிக்கும் முறை

கண்ணுக்குப் புலனாகாத உட்பொருளைக் கணினித் திரையிற் கனவடிவாகக் காட்டும் கலை இந்நாளில் மருத்துவத்துக்கும் ஏனை அறிவியற்றுறைகட்கும் இன்றியமையாததாயிற்று. உடலை மெல்லிய தகடுகளாகப் படமெடுத்து அவற்றை ஒன்றன்மேலொன்றாக அடுக்கினால் எண்களாலாகிய ஒரு கனம் உண்டாகும். அதன் சிற்றறை ஒவ்வொன்றும் வாக்ஸல் எனப்படும். அவ்வறைகளிலுள்ள எண்களுக்கு நிறமும் ஒளிபுகும் தன்மையும் அளித்து உருவங்காட்டுதலே இம்மென்பொருள்களின் தொழில். உருவம் சிதைந்து தோன்றுங்கால், குறை பெரும்பாலும் மென்பொருளிலுமில்லை, எண்களிலுமில்லை. படிக்கும் முறையிலேயே உள்ளது. அதனை ஈண்டு ஒரு சான்றுகொண்டு விளக்கப் புகுகின்றோம்.

அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் தொகுத்து வைத்துள்ள கனத்தரவுகளுள் இறந்தோர் ஒருவரின் தலையை ஸி.டி. கருவியாற் படமெடுத்த தொகுதி ஒன்றுண்டு. அதில் 113 தகடுகள்; தகடொன்றுக்கு 256 வரிகள்; வரியொன்றுக்கு 256 எண்கள்; எண்ணொன்றுக்கு இரண்டு பைட்டுகள். பௌதிக வகுப்பு நண்பரொருவர் இதனை ஒரே கோப்பாக்கித் திறந்தபோது தலைக்கு மாறாகச் சாய்ந்த கீற்றுகளே தோன்றின. "கோப்புக் கெட்டுவிட்டது" என்று அதனை நீக்கவும் துணிந்துவிட்டார்.

யாம் முதலிற் செய்தது பெருக்கலே. 256, 256, 113, 2 ஆகிய நான்கையும் பெருக்க வருவது 1,48,11,136. கோப்பின் அளவும் சரியாக அத்தனை பைட்டுகளே. ஆதலின் ஒன்றும் குறையவில்லையென்பது தெளிவாயிற்று. பின்னர் நண்பர் நிரப்பிய படிவத்தை நோக்கினோம். வேறொரு மென்பொருள் 0 முதல் 255 வரை என்று எல்லை கேட்கும் வழக்கமுடையது. அந்நினைவால் அவர் அகலத்தையும் 255 என்றே எழுதியிருந்தார்! வரிதோறும் ஓரெண் நழுவ, 256 வரிகட்குள் படம் ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிடும். அகலத்தைத் திருத்திய அளவில் நெற்றியும் மூக்கும் தாடையும் ஒழுங்குற எழுந்தன.

எண்களை மட்டும் கொண்டு தன்னைப்பற்றி ஒரு சொல்லும் கூறாத இத்தகைய கோப்பை ரா கோப்பு என்பர். பழைய ஏட்டுச்சுவடியிற் புள்ளியிராது. காலும் ரகரமும் ஒன்றேபோலிருக்கும். படிப்போர் யாப்பையும் பொருளையும் துணைக்கொண்டே உண்மைப் பாடத்தைத் துணிவர். இங்குத் துணையாவன பெருக்கலும், பிழையுருவத்தை உற்றுநோக்கும் கண்ணுமேயாம்.

கோப்பு கணக்கினும் சிறிது பெரிதாயிருப்பின், எண்களின் முன்னே ஹெடர் என்னும் பாயிரம் இருத்தல்கூடும். அதனைத் தள்ளாது படித்தால் உருவம் பக்கவாட்டில் நகர்ந்து, வலவோரத்தில் மறைந்த காது இடவோரத்தில் முளைக்கும். கோப்பு மிகச் சிறிதாயின், முழுதும் வந்து சேராதிருக்கலாம், அன்றிச் சுருக்கப்பட்டிருக்கலாம். முதலிரு பைட்டுகள் 31, 139 ஆயின் அது ஜிஸிப் முறையிற் சுருங்கியதென்று கொள்க.

புறவரை தெரிந்தும் அகமெல்லாம் மணலைத் தூவினாற்போலத் தோன்றுமாயின் பைட்டு வரிசையை ஐயுறுக. 1000 என்னும் எண் 3, 232 என்னும் இரு பைட்டுகளாக எழுதப்படும். அவற்றை முன்பின்னாக மாற்றிப் படித்தால் 59,395 ஆகிவிடும். எப்பைட்டு முன் வருவதென்னும் இவ்வழக்கிற்குப் பெயரிட்ட வரலாறு சுவையுடையது. முட்டையை எம்முனையில் உடைப்பதென்று லில்லிபுட் மக்கள் பூசலிட்டதாக ஸ்விப்ட் என்பார் 1726-இல் எழுதிய கலிவரின் கதையிலிருந்து டானி கோஹன் என்பார் 1980-இல் அப்பெயர்களை எடுத்தாண்டார். இலக்கிய மாணவராகிய எமக்கு இதிற் சிறிது பெருமையுமுண்டு! மூளைப்படங்களுக்கு வழங்கும் நிஃப்டி என்னும் முதல் வகைக் கோப்பில் இவ்வையத்துக்கே இடமில்லை. அதன் பாயிரம் 348 பைட்டு. அதன் முதலெண்ணும் 348. அவ்வெண் வேறாகப் படிக்கப்படின் வரிசையை மாற்றுக என்பது பொருள்.

எண்களின் குறியும் மயக்கந்தருவது. ஹவுன்ஸ்பீல்டு அளவையில் நீருக்கு 0, காற்றுக்கு -1000. குறைக்குறியற்ற எண்ணாகப் படிப்பின் காற்று 64,536 ஆகி எலும்பினும் திண்ணியதாய்விடும். தலை ஒரு பாறைக்குள் அடைபட்டாற்போல மறையும். இனி, முன் கூறிய தலைத்தொகுதியில் வாக்ஸலின் நீள அகலங்கள் ஒவ்வொன்றாயின் உயரம் இரண்டாம். இவ்விகிதத்தைச் சொல்லாதுவிடின் தலை பாதியுயரத்துக்கு நசுங்கித் தோன்றும். இவையனைத்தையும் ஒருமுறை கண்டறிந்தபின் என்.ஆர்.ஆர்.டி. போன்ற முறையிற் பாயிரமெழுதி வைத்துவிடின் அடுத்து வருவோர்க்கு இவ்வுழைப்பில்லை. ஐந்து நிமிட வேலை, செய்வோர் சிலரே.

இதுவரை கூறிய பிழைகள் தம்மைத் தாமே காட்டிக்கொள்வன. காட்டிக்கொள்ளாத பிழையொன்றுண்டு, அதுவே அஞ்சத்தக்கது. மருத்துவமனைகள் வழங்கும் டைகாம் முறையில் முதல் அச்சு நோயாளரின் இடப்பக்கம் நோக்கி வளரும். நிஃப்டி முறையில் வலப்பக்கம் நோக்கி வளரும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுங்கால் இதனை மறந்தால் இடம் வலமாகிவிடும். நெஞ்சாயின் இதயம் நின்ற பக்கத்தைக் கண்டு ஐயுறலாம். மூளையோ இருபுறமும் ஏறக்குறைய ஒத்தது. படம் கீற்றின்றி, மணலின்றி, மாசற்று விளங்கும். கட்டி மட்டும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். பெருக்கற் கணக்கும் இங்கே உதவாது. ஆதலின் எம்.ஆர்.ஐ. ஆராய்ச்சியாளர் சிலர் படமெடுக்குமுன் நோயாளரின் ஒரு பக்க நெற்றியில் வைட்டமின் ஈ மாத்திரையொன்றை ஒட்டிவைப்பர். அதிலுள்ள எண்ணெய் படத்தில் ஒளிவிட்டு விளங்கும். எத்தனை கோப்புமுறை மாறினும், எப்பக்கத்தில் ஒட்டினோமோ அப்பக்கத்தில் அது தோன்றுகின்றதா என்று பார்த்துக்கொள்ளலாம்.