மணல் கடிகாரமும் மணிகளும்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் பிரசவ விஷயத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆலங்குடிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருக்கும் என் பெரியத்தை, 1991 அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் பழகியவர். வீடு வீடாகப் போய்ப் பச்சைக் குழந்தையின் மூச்சை வாட்ச் பார்த்து எண்ணுவார். "நிமிஷத்துக்கு அறுபதோ, அதுக்கு மேலயோ போனா இன்னொரு தடவை எண்ணணும்டா. அப்பவும் அப்படியே இருந்தா உடனே ஆஸ்பத்திரிதான்."

சரி, அறுபது வரை எண்ணத் தெரியாதவர்கள்? மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலியில் டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியர், எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிகளுக்காக ஒரு கருவி செய்தார்கள். ஒரு நிமிட மணல் கடிகாரம். பக்கத்தில் கம்பியில் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணி தள்ளணும். மணல் தீர்வதற்குள் ஆறாவது மணி நகர்ந்தால் ஆபத்து. பேட்டரிகூட கிடையாது! நம் டிசைன் பேப்பரில் இப்படி ஒரு கேள்வி வந்ததுண்டா?

பிறகு அங்கேயே கிராமப் பெண்களுக்குச் சிசுப் பராமரிப்புப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்றாம் வருடத்தில், ஒப்பிட்ட கிராமங்களைவிடப் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு விகிதம் 62 சதவீதம் குறைந்ததாக 1999-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள்.

அத்தையிடம் இதைச் சொன்னேன். "மணியெல்லாம் சரிடா. புள்ள அழுறப்ப மட்டும் எண்ணிடாதே, கணக்கு தப்பாப் போயிடும்" என்றார்.